உடலுக்குள் ஒரு கூட்டுறவு

நெய்து முடித்த சேலைகளை ஒப்படைத்துவிட்டு, அடுத்த பாவுக்கு நூல் வாங்கிப் போவதற்காக அங்கத்தினர் ஒருவர் சங்கத்துக்கு வந்திருந்தார். வயது அறுபதை நெருங்கியவர். காலை ஒன்பது மணிக்கே வந்து வரிசையில் உட்கார்ந்தார். அன்று கணக்கர் வர நேரமாயிற்று. தரம் பார்ப்பவர் வர அதைவிட நேரமாயிற்று. பெரியவரின் முறை வந்தபோது மணி ஒன்றரை. மேசை முன் நின்ற அவருக்குக் கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது, பேச்சுக் குழறியது. கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை சொன்னார். கையொப்பமிடச் சொன்னபோது பேனாவை வீசி எறிந்தார். "பட்டப்பகலில் குடித்துவிட்டுச் சங்கத்துக்கு வருவதா?" என்று ஒரு குரல் எழுந்தது. பலர் சிரித்தனர். இருவர் அவரைத் தோளைப் பற்றி வெளியே கொண்டுபோய் விட்டனர்.

திண்ணையில் சாய்ந்து கிடந்தவரைப் பக்கத்துத் தேநீர்க்கடை அம்மாள் பார்த்தார். அவர் வீட்டிலும் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் உண்டு. ஒரு தம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்தார். பெரியவருக்கு விழுங்கும் நினைவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மெல்லக் குடிக்கச் செய்தார். கால் மணி நேரத்தில் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, தாம் எப்படித் திண்ணைக்கு வந்தோம் என்று கேட்டார். மதுவை வாழ்நாளில் தொட்டறியாதவர் அவர்.

இது நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி. ஊரையும் சங்கத்தையும் குறிப்பிடப் போவதில்லை. குறிப்பிட்டால் அது அந்த ஒரு சங்கத்தின் குற்றமாக முடிந்துபோகும். எந்தச் சங்கத்திலும், எந்தக் கரும்பு எடைமேடையிலும், எந்தக் கொள்முதல் நிலையத்திலும் நடக்கக்கூடியது அது. ஆதலால் அன்று நடந்தது என்ன, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்று அங்கத்தினர்கள் முன் எடுத்துரைப்பது நமது கடமையெனக் கருதுகிறோம்.

நடந்தது இதுதான். பெரியவர் காலையில் சர்க்கரை வியாதிக்குரிய மாத்திரையை விழுங்கியிருந்தார். பத்து மணிக்குள் வீடு திரும்பிச் சாப்பிடலாம் என்று எண்ணி உணவு கொள்ளாமல் வந்துவிட்டார். அத்தகைய மாத்திரைகளில் சில, கணையம் என்னும் உறுப்பைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவு உள்ளே சென்றாலும் செல்லாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். உணவு செல்லாதபோது இரத்தத்தில் சர்க்கரை மட்டுக்கு மீறிக் குறைகிறது. குறைந்ததும் முதலில் தவிக்கும் உறுப்பு மூளையே. பேச்சுக் குழறியதற்கும் கோபம் மூண்டதற்கும் காரணம் தீய பழக்கமன்று. மூளைக்கு உணவு எட்டவில்லை என்பதே.

மூளையின் நிலை விசித்திரமானது. அதன் எடை ஏறக்குறைய 1.4 கிலோ; உடலின் எடையில் 2 சதவிகிதம். ஆயினும் நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவிகிதத்தை அதுவே உண்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை அதற்கு வேண்டும். அதைச் சேமித்து வைக்க மூளையிலோ இடமில்லை. ஓடும் இரத்தத்தில் எந்த வேளையிலும் இருக்கும் சர்க்கரை முழுவதும் சேர்ந்தால் ஒரு தேக்கரண்டி அளவே. வீட்டில் ஒரு கட்டு நூல்கூடச் சேமிப்பில் இல்லாத நெசவாளர், அன்றாடம் சங்கத்துக் கிடங்கை நம்பித் தறியில் இறங்குவது போன்றது மூளையின் பிழைப்பு.

அந்தக் கிடங்கு கல்லீரல். நாம் உண்ட உணவின் சர்க்கரையில் ஏறக்குறைய 100 கிராமைக் கல்லீரல் கட்டிவைத்துக்கொள்கிறது. பசித்த வேளையில் சிறிது சிறிதாக அவிழ்த்துவிடுகிறது. இருப்புத் தீர்ந்தால் புதிதாகவும் ஆக்கித் தருகிறது. இரத்தத்தில் சர்க்கரை குறைகிறதென்று மூளை உணர்ந்தவுடன் நரம்பு வழியே அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போகிறது. அட்ரினலின் பாய்கிறது, கல்லீரல் கிடங்கைத் திறக்கிறது, கணையமும் தன் பங்குக்குக் குளூக்ககான் என்னும் சுரப்பை அனுப்புகிறது. அந்த அட்ரினலின்தான் கையை நடுங்கச் செய்வது. நெற்றியை வியர்க்கச் செய்வதும் அந்த அபாய ஏற்பாட்டின் பகுதியே. பெரியவர் கையில் கண்ட நடுக்கம், மூளை தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பிய அபயக்குரல். அதைக் கேட்டுத்தான் அன்று பலர் சிரித்தனர்.

தலை வேறு, வயிறு வேறு என்று எண்ணுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். சர்க்கரை வியாதி என்றால் வாயைக் கட்டாதவனின் வியாதி என்கிறோம். மனக்கவலை என்றால் வேலையற்றவனின் கற்பனை என்கிறோம். இரண்டும் பிழை. மூளையும், கல்லீரலும், கணையமும், குடலும், கொழுப்பும் ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டு, ஒன்றின் நலத்தில் மற்றொன்று வாழும் கூட்டுறவினர். இதை அறிவுலகமும் எளிதில் அறிந்துவிடவில்லை. அறிந்த வரலாறே நமக்கு ஒரு பாடம்.

1849-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து அறிஞர் கிளாடு பெர்னார்டு, ஒரு முயலின் பின்மூளையில் குறிப்பிட்ட ஓரிடத்தை ஊசியால் குத்தினார். சிறிது நேரத்தில் அம்முயலின் சிறுநீரில் சர்க்கரை தோன்றிற்று. கணையத்தைத் தொடவில்லை, உணவை மாற்றவில்லை, மூளையைத் தீண்டியதே போதுமாயிருந்தது. கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து வழங்கும் உறுப்பு என்பதை நிலைநாட்டியவரும் அவரே. நீரிழிவின் வேர் நரம்பு மண்டலத்தில் இருக்கலாம் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1889-இல், ஸ்டிராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்த நாய்க்குக் கடும் நீரிழிவு கண்டது. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு ஜனவரியில், சாவை எதிர்நோக்கிக் கிடந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அதன் ஊசியால் உயிர் மீண்டான். உலகம் வியந்தது, வியந்ததில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வெற்றியின் ஒளியில் பெர்னார்டின் முயலைப் பலர் மறந்தனர். நீரிழிவு என்றால் கணையம், கணையம் என்றால் இன்சுலின் என்று பேச்சு முடிந்துபோயிற்று.

மறந்ததை நினைவூட்டியது கொழுப்பு. வெறும் சுமை என்று எண்ணப்பட்ட உடற்கொழுப்பு, 'போதிய இருப்பு உண்டு' என்று மூளைக்குக் கடிதம் எழுதும் உறுப்பு என்பது 1994-இல் தெரியவந்தது. அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டுபிடித்த அச்சுரப்புக்கு லெப்டின் என்று பெயரிட்டனர். லெப்டின் சுரக்காமலே பிறந்த சில குழந்தைகள் எவ்வளவு உண்டாலும் பசி அடங்காமல் அழுதனர்; மிக இளவயதிலேயே உடல் பருத்தனர். லெப்டின் ஊசி போட்டதும் அவர்கள் பசி அடங்கிற்று. பேராசை என்று ஊரார் பழித்திருக்கக்கூடிய ஒன்று, வந்து சேராத ஒரு கடிதத்தால் விளைந்த துன்பம். பருத்த உடலினர் பெரும்பாலோரிடம் லெப்டினுக்குக் குறைவில்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது. அவர்களிடம் கடிதம் போகிறது. மூளை அதைப் போதியவாறு படிப்பதில்லை.

குடலும் அவ்வாறே. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை, மூளையின் கட்டளையை வயிற்றுக்குக் கொண்டுசெல்லும் பாதை என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அந்நரம்பின் இழைகளில் பெரும்பகுதி, வயிற்றின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்பவை. 'உண்டது போதும்' என்று அறிவிக்கும் சுரப்புகளையும் குடல் அனுப்புகிறது. நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் இன்று பெரிதும் பேசப்படும் புதிய ஊசி மருந்துகள், அத்தகைய ஒரு குடற்சுரப்பைப் பார்த்துச் செய்தவையே. அவை கணையத்தில் மட்டுமன்றி மூளையிலும் வேலை செய்து பசியைக் குறைக்கின்றன. மேலிருந்து கட்டளை மட்டும் வரும், கீழிருந்து குரல் எழாது என்ற நிர்வாகம் உடலுக்குள் இல்லை. அங்கே உள்ளது பொதுச் சபை.

கீழே உள்ளவர் நலிந்தால் மேலே என்ன ஆகும் என்பதைக் கல்லீரல் கெட்டவரிடம் காணலாம். குடலில் உண்டாகும் அம்மோனியா முதலிய கழிவுகளைத் தூய்மை செய்யக் கல்லீரலால் இயலாதபோது அவை இரத்தத்தில் கலந்து மூளையை எட்டுகின்றன. நோயாளி இரவில் விழித்திருக்கிறார், பகலில் உறங்குகிறார், பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்கிறார், கை விரல்கள் படபடக்கின்றன. இதைப் பேய்க்கோளாறு என்று எண்ணிக் காலம் கடத்திய குடும்பங்கள் உண்டு. அது ஈரலின் நோய். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நோய்.

நீரிழிவு நீண்டநாள் கட்டுப்பாடின்றி இருந்தால், கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுப்பதுபோல் மூளையில் உள்ளவற்றையும் கெடுக்கிறது. முதுமையில் நினைவு மங்கும் நோய் இவர்களுக்கு வருவது அதிகம். மனச்சோர்வு நோயும் மற்றவரைவிட ஏறக்குறைய இருமடங்கு காணப்படுகிறது. அதே வேளையில், முதலில் மனச்சோர்வுக்கு ஆளானவர்க்குப் பின்னர் நீரிழிவு வருவதும் அதிகமாயிருக்கிறது. பாதை இருவழிப் பாதை.

மேலிருந்து கீழே வரும் வழியைப் பார்ப்போம். கவலையோ அச்சமோ பற்றும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்கும், அது அட்ரினல் சுரப்பிக்கும் செய்தி அனுப்பக் கார்ட்டிசால் என்னும் சுரப்பு வெளிப்படுகிறது. அது கல்லீரலைச் சர்க்கரையை வெளிவிடத் தூண்டுகிறது. தசைகள் இன்சுலினுக்கு இணங்குவதைக் குறைக்கிறது. புலியைக் கண்டு ஓட வேண்டியவனுக்கு இது நல்ல ஏற்பாடு. ஓடும் கால்கள் அச்சர்க்கரையைச் செலவிட்டுவிடும். ஆனால் கடன்காரரைக் கண்டு எங்கே ஓடுவது? வட்டி கட்டும் நாளை எண்ணிக்கொண்டு தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரின் இரத்தத்தில் அச்சர்க்கரை தேங்குகிறது. புலி ஒரு நாழிகையில் போய்விடும். கடன் ஆண்டு முழுவதும் வாசலில் நிற்கும். கார்ட்டிசாலும் அவ்வாறே நிற்கிறது.

தூக்கம் கெடுவதும் இத்தகையதே. 1999-இல் சிக்காகோவில் நல்ல உடல்நலமுள்ள இளைஞர் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கவிட்டு ஆராய்ந்தனர். அந்த ஆறு இரவுகளிலேயே அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்துவிட்டது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நமது நெசவாளர் வீடுகளில் விளக்கு அணையாமல் தறி ஓடுவதை அறிந்த நாம், இச்செய்தியை அயல்நாட்டுப் புதினமாக ஒதுக்கிவிட முடியுமா?

விவசாயத் தோழர்களுக்கு நெருங்கிய ஆய்வு ஒன்று 2013-இல் 'சயன்ஸ்' என்னும் அறிவியல் ஏட்டில் வெளியாயிற்று. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பு ஒருமுறையும், பின்பு ஒருமுறையும் சோதித்தனர். கையில் பணமில்லாத முன்நாட்களில் சிந்தனைத் திறனைக் காட்டும் தேர்வுகளில் அவர்கள் குறைந்தே செய்தனர்; கரும்புப் பணம் வந்தபின் அதே மனிதர்கள் நன்கு செய்தனர். அந்நாட்களில் அவர்களிடம் பதற்றம் மிகுந்திருந்ததும் உண்மை. ஆனால் பதற்றம் மட்டுமே இதை விளக்கிவிடாது என்றும், பணமுடை மனத்தின் இடத்தையே அடைத்துக்கொள்கிறது என்றும் ஆய்வாளர் கருதினர். அடைபட்ட மனத்திலிருந்து மாத்திரை வேளையும், உணவுக் கட்டுப்பாடும், மருத்துவரிடம் போகும் நாளும் நழுவிப்போவதில் வியப்பில்லை. அதை அசட்டை என்று பெயரிட்டு நாம் கடிந்துகொள்கிறோம்.

உடலுழைப்புக்கும் மூளைக்கும் உள்ள உறவைக் காட்டும் ஆய்வும் நமது நாட்டிலேயே நடந்தது. ஜீன் மேயரும் அவரைச் சேர்ந்தவர்களும் மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 பேரின் உணவையும் எடையையும் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டனர். மிதமாகவும் கடுமையாகவும் உழைத்தவர்கள் உழைப்புக்கு ஏற்றாற்போல் உண்டனர், எடை நிலையாயிருந்தது. நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தவர்களோ உழைப்பவரைப் போன்றே மிகுதியாக உண்டனர், எடையும் மிகுந்திருந்தனர். உடல் அசையாதபோது பசியை அளக்கும் மூளையின் தராசும் பிழைபடுகிறது என்பதே இதன் கருத்து. விசைத்தறி வந்து கையையும் காலையும் ஓய்வுபடுத்திய இல்லங்களில், பழைய உழைப்பு போய்விட்டது. பழைய சோற்றளவு போகவில்லை.

இவ்வளவும் சொல்வது எதற்காக? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பங்கேற்புடன் நடந்து 2023-இல் வெளியான பேராய்வின்படி, நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல். நமது அங்கத்தினர் பட்டியலும் அக்கணக்குக்கு வெளியே இல்லை. அவர்கள் உடலுக்குள் நடக்கும் கூட்டுறவு குலைவதற்கு நமது சங்கங்களின் நடைமுறையும் ஓரளவு காரணமாகலாம். அது சீர்ப்படவும் நமது நடைமுறை துணைசெய்யலாம். இதுவே நமது கட்சி.

'சங்கம் நூல் கொடுக்க, துணி வாங்க, உரம் கொடுக்க, கடன் கொடுக்க ஏற்பட்டது. வைத்தியம் பார்க்கவா ஏற்பட்டது?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. நாம் ஏற்கெனவே செய்துவரும் வேலையை, மனிதர் உடலை மனத்தில் வைத்துச் செய்யும்படி கேட்கிறோம். கூலி எந்தத் தேதியில் வழங்கப்படும் என்பது கணக்கர் விஷயம் மட்டுமன்று. அது அங்கத்தினரின் தூக்கத்தைத் தொடுகிறது. தூக்கம் கார்ட்டிசாலைத் தொடுகிறது. கார்ட்டிசால் கல்லீரலைத் தொடுகிறது. பேரேட்டில் ஒரு வாரம் தள்ளி எழுதுவது எளிது. அந்த ஒரு வாரத்தை உடல் எங்கோ வரவு வைத்துக்கொள்கிறது.

ஆகவே நிர்வாகக் குழுவினர் சிந்தனைக்குச் சில யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, கூலிக்கும் விளைபொருள் பணத்துக்கும் குறித்த நாள் வேண்டும். தவிர்க்க முடியாத தாமதம் நேர்ந்தால், எப்போது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே பலகையில் எழுதிவிட வேண்டும். இன்ன நாள் என்று தெரிந்த தாமதத்தைவிடத் தெரியாத தாமதமே மனத்தை அதிகமாக அரிக்கிறது. இரண்டாவது, பண்டிகைக் கால வேலையைக் கடைசி வாரங்களில் குவிக்காமல் முந்திய மாதங்களிலேயே பகிர்ந்து கொடுக்கத் திட்டமிட வேண்டும். மூன்றாவது, சரக்கு ஒப்படைக்க வருவோர்க்கு முறைச்சீட்டும், உட்கார இடமும், குடிநீரும் வேண்டும். காலை உணவின்றி வந்தவரா, மருந்து உண்பவரா என்று கேட்டு முதியோரை முன்னே விடுவதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை, மனம் போதும்.

நான்காவது, ஒவ்வொரு சங்கத்திலும் மேசைமேல் ஒரு டப்பாவில் சர்க்கரையோ வெல்லமோ இருக்கட்டும். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்குத் திடீரென நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டால், விழுங்கும் நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுக்கலாம். தெளிந்தபின் உணவு உண்ணச் செய்ய வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது; 108-ஐ அழைக்க வேண்டும். இதைக் காரியதரிசி முதல் காவலாளி வரை யாவரும் கற்றிருக்க வேண்டும்.

ஐந்தாவது, ஆண்டுப் பொதுச் சபை கூடும் நாளிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தாரை முறைப்படி அழைத்துக் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இத்தகைய நோயுடையோர் வீடுகளை நாடிச் செல்வதற்காகவே ஏற்பட்டது. சோதனையின்போது பெண்களை மறந்துவிடலாகாது. தார் சுற்றுபவர்கள், களை பறிப்பவர்கள், எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவர்கள் அவர்கள். அவர்களுடைய களைப்பும் மறதியும் வீட்டில் கடைசியாகவே கவனிக்கப்படுகின்றன.

ஆறாவது, மனத்தைப் பற்றிக் கேட்கவும் நாம் கற்க வேண்டும். தறிக்கு வராமல், வயலுக்குப் போகாமல், ஒருவரோடும் பேசாமல் இருக்கும் அங்கத்தினர் வீட்டுக்கு நிர்வாகக் குழுவினர் ஒருவர் சென்று 'என்ன ஐயா, உடம்புக்கு என்ன?' என்று கேட்பதற்குப் பட்ஜெட்டில் இடம் ஒதுக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்னும் எண் உண்டு. அதைச் சங்கச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. மனம் அமைதியானால் மருந்து வேண்டாம் என்று இக்கட்டுரையைப் பொருள்கொள்ள வேண்டாமென மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். இன்சுலின் அறவே சுரக்காத பிள்ளைகளுக்கு இன்சுலின் ஊசியே உயிர்; எந்த அமைதியும் அதற்கு ஈடாகாது. மற்றவர்களும் மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. 'ஒரே மண்டலத்தில் குணம்' என்னும் விளம்பரத்தை நம்பிப் பணத்தையும் உடலையும் இழக்கலாகாது. மாத்திரை உண்ட நாளில் பட்டினி கிடக்கலாகாது. வெளியே போகும்போது மடியில் ஒரு துண்டு வெல்லம் இருக்கட்டும். சோற்றைச் சிறிது குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டிக்கொள்ளலாம். உண்டபின் சிறிது நேரம் நடக்கலாம். நடக்கும் தசை இன்சுலினின் உதவியை எதிர்பாராமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். நடக்கும் கால்கள் மனத்துக்கும் நன்மை செய்கின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வரப்பில் நடந்து பழகியவர்கள் அறிவார்கள்.

கவலையைக் கூட்டத்தில் பங்கிட்டுக்கொள்வதற்காகவே முன்னோர் சங்கம் கண்டனர். தனியொருவன் தாங்க முடியாத கடனைப் பலர் கூடித் தாங்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது கூட்டுறவு. அந்த எண்ணம் வங்கிக் கணக்கோடு நின்றுவிடலாகாது. கவலை குறைந்த உடலில் கல்லீரலும் கணையமும் தம் வேலையைச் செவ்வனே செய்யும். அவை செவ்வனே செய்தால் மூளை தெளிவாயிருக்கும். தெளிந்த மூளை நல்ல துணியை நெய்யும், நல்ல தீர்மானத்தை நிறைவேற்றும், தவறான கணக்கைத் தட்டிக் கேட்கும். சங்கத்துக்கும் இதைவிட இலாபம் வேறு எது?

தொடக்கத்தில் சொன்ன பெரியவர் அன்றுமுதல் சங்கத்துக்குள் அடியெடுத்து வைப்பதில்லை. சேலைகளை மகனிடம் கொடுத்தனுப்புகிறார். நூல் வாங்குவதும் மகனே. அவர் உடல் அன்றைக்கே தேறிவிட்டது. பட்ட அவமானம் தேறவில்லை. அவமானமும் ஒரு கவலையே. அதுவும் எங்கோ ஈரலில் போய்ச் சேர்கிறது என்பதை இப்போது நாம் அறிவோம்.

அன்று அந்த வரிசையில் நாமும் நின்றிருந்தோம். சிரித்தவர்களில் நாம் இல்லை என்பது உண்மை. ஆனால் வாய் திறந்து ஒரு சொல் சொன்னவர்களிலும் நாம் இல்லை. அறியாமையால் நேர்ந்த பிழை என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். இனி அந்தச் சமாதானம் செல்லாது. அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டு, அடுத்த பொதுச் சபைக்கு அவரைக் கையோடு அழைத்து வருவதென்று முடிவு செய்திருக்கிறோம். அதுபோன்ற பெரியவர் ஒருவர் தங்கள் சங்கத்திலும் இருக்கிறாரா என்று வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.